யாருடைய ஐந்தாவது?

“இதுல எது சார் ஒரிஜினல்?”

கேட்டவன் எங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கும் தம்பி. அம்பத்தூர் எஸ்டேட்டில் சி.என்.சி. மெஷின் ஓட்டுகிறான். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த அவனும் காலை நடை முடித்து வந்த நானும் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் நிறுத்தத்துக்குப் பக்கத்து டீக்கடையில் எதிர்ப்பட்டோம். 2025 மார்ச், இரண்டாவது வாரம். 8ஆம் தேதி லண்டன் ஈவென்டிம் அப்போலோ அரங்கில் இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனி அரங்கேறியிருந்தது. ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்தது. அந்த வாரம் எஸ்டேட் டீக்கடைகளில் சிம்பொனி என்ற சொல் சரளமாகப் புழங்கியது. நாற்பது வருடத்துக்கு மேலாக இந்தப் பக்கத்தில் இருக்கிறேன். அந்தச் சொல்லை இத்தனை வாய்களில் கேட்டதில்லை. மனம் நிறைந்துபோனது.

“ராஜா சாரோடத கேக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் பழகிக்கலாம்னு பீத்தோவன் அஞ்சாவது சிம்பொனின்னு போன்ல தேடினேன் சார். வந்துகிட்டே இருக்கு. ஒவ்வொண்ணுலயும் வேற ஆளு பேரு, வேற வருஷம். ஒண்ணு ஏழு நிமிஷம்னு காட்டுது, இன்னொண்ணு எட்டுன்னு காட்டுது. எதை நம்பறது?”

சினிமாப் பாட்டில் வளர்ந்த காதுக்கு இது நியாயமான கேள்வி. நமக்குப் பாட்டு என்றால் அதன் பதிவுதான். ஸ்டுடியோவில் ஒரு நாள் ஜானகி பாடியது எதுவோ அதுதான் பாட்டு. பிறகு யார் எங்கே பாடினாலும் அதன் நகல். இசையமைத்தவரே மேடையில் நின்று நடத்தினாலும், இடையிசையில் புல்லாங்குழல் ஒரு சங்கதி பிசகினால் கூட்டம் முழுக்க அதைக் கண்டுபிடித்துவிடுகிறது. ஆனால் கர்நாடக சங்கீதம் கேட்கிறவரிடம் போய் இந்தத் தியாகராஜர் கீர்த்தனைக்கு ஒரிஜினல் எது என்று கேட்டுப் பாருங்கள், அவருக்குக் கேள்வியே புரியாது. அங்கே இருப்பது பாடாந்தரம். அரியக்குடி பாடாந்தரம், செம்மங்குடி பாடாந்தரம் என்றுதான் பேச்சு. அதே வித்வான் அதே கீர்த்தனையை மறுவாரம் பாடினால் அது வேறாக இருக்க வேண்டும் என்றுதான் ரசிகர் எதிர்பார்க்கிறார்.

சிம்பொனி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இரண்டாவது பஸூன்காரர் எந்த இடத்தில் எந்த ஸ்வரத்தை எவ்வளவு நேரம் ஊத வேண்டும் என்பதுவரை பீத்தோவன் தாளில் எழுதிவைத்திருக்கிறார். மனோதர்மத்துக்கு இடமே இல்லை. அப்படி இருந்தும் இரண்டு பதிவுகள் ஒன்றுபோல ஒலிப்பதில்லை. புதிதாகக் கேட்க வருகிறவர் தடுமாறும் இடம் இது. நம் இரண்டு காதுகளில் எந்தக் காதைக் கொண்டுபோவது?

அவனுக்குத் தெரிந்த தொழிலிலிருந்தே சொல்லிப் பார்த்தேன். “எழுதின தாள் டிராயிங் மாதிரி தம்பி. ஒரே டிராயிங்கை வெச்சு ரெண்டு டர்னர் ஜாப் போடறாங்கன்னு வெச்சுக்கோ.”

“அப்ப ரெண்டு ஜாபும் ஒண்ணாத்தானே சார் இருக்கணும்? டாலரன்ஸ் தாண்டினா க்யூ.சி.யில ரிஜெக்ட் பண்ணிடுவாங்களே.”

அவன் சொன்னது சரி. முப்பது வருடம் டூல் ரூமில் வேலை பார்த்த எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும். டிராயிங் உவமை நிற்காது. இரண்டு நாள் அந்தக் கேள்வியோடு நடந்தேன். மூன்றாம் நாள் காலை, அலமாரியில் இருந்த கையடக்கத் திருக்குறளைப் பார்த்ததும் பதில் கிடைத்தது.

குறளின் மூலம் ஒன்று. ஏழு சீர். அதற்குப் பழங்காலத்தில் பதின்மர் உரை எழுதினார்கள். மணக்குடவர் காட்டும் வள்ளுவர் ஒருவர், பரிமேலழகர் காட்டும் வள்ளுவர் இன்னொருவர். அதிகாரத்துக்குள் குறள்கள் நிற்கும் வரிசைகூட இருவரிடமும் ஒன்றல்ல. ஒரே சொல்லை ஒருவர் ஒரு பக்கம் பிரிக்கிறார், மற்றவர் வேறு பக்கம் பிரிக்கிறார், பொருள் தலைகீழாகிவிடுகிறது. இதில் எந்த உரை ஒரிஜினல் என்று எந்தத் தமிழ் வாத்தியாரும் கேட்கமாட்டார். இசைக்குழுவின் முன்னால் கோல் பிடித்து நிற்கிறவர் உரைகாரர். ஒரு பதிவு என்பது ஓர் உரை. பள்ளிப் பிள்ளையின் கையில் முதல் நாளே பரிமேலழகரைக் கொடுப்பதில்லை, மு.வ.வின் தெளிவுரையைக் கொடுக்கிறோம். அதோடு நின்றுவிட்டவரைக் குறள் படித்தவர் என்று சொல்லவும் தயங்குகிறோம்.

இதை அவனிடம் சொன்னபோது தலையாட்டினான். “அப்ப மு.வ. யாரு சார், அதச் சொல்லுங்க.”

சொல்வதற்கு முன்னால் என் கதை கொஞ்சம்.

என் முதல் ஐந்தாவது சிம்பொனியை நான் தேர்ந்தெடுக்கவில்லை. 1983இல் எஸ்டேட்டில் அப்ரண்டிஸாகச் சேர்ந்திருந்தேன். சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூரில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கினால் பக்கத்திலேயே மூர் மார்க்கெட். பழைய புத்தகத்துக்கும் பழைய கடிகாரத்துக்கும் நடுவே இசைத்தட்டுகளைச் செங்கல் மாதிரி அடுக்கியிருப்பார்கள். அதில் ஒன்று உறையில்லாமல் கிடந்தது. லேபிளில் பாதி கிழிந்திருந்தது. பீத்தோவன் பெயரும் 5 என்ற எண்ணும் தெரிந்தன. நடத்தியவர் பெயர் இருந்த இடத்தில் வெறும் பசைத்தடம். பேரம் பேசி வாங்கிவந்து, அறை நண்பரின் பிளேயரில் போட்டோம். இரண்டாம் பகுதியில் ஓரிடத்தில் ஆழமான கீறல், அங்கே ஊசி தாவும். மூர் மார்க்கெட் 1985 மே 30 அன்று எரிந்துபோனது. அம்பத்தூர், ஆவடி ரயில்கள் இன்று போய் நிற்கும் புறநகர் நிலையத்துக்கு மூர் மார்க்கெட் வளாகம் என்ற பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

பத்து வருடத்துக்கு மேல் எனக்கு அந்த ஒரு தட்டுதான். பிறகு வேறொருவர் நடத்திய பதிவு கேசட்டில் கிடைத்தது. போட்டதும் கோபம் வந்தது. ஏன் இத்தனை அவசரம்? கொம்புகள் ஏன் இப்படிக் கத்துகின்றன? இரண்டாம் பகுதியில் ஊசி தாவ வேண்டிய இடம் வந்தது, தாவவில்லை. அந்தக் கீறல் பத்து வருடமாக மறைத்துவைத்திருந்த சில நொடி இசையை அன்றுதான் கேட்டேன். அது எனக்கு அந்நியமாகப் பட்டது. பீத்தோவன் எழுதியதை யாரோ இடைச்செருகியது போல உணர்ந்தேன். முதலில் கேட்டது காதில் தாய்மொழியாக உட்கார்ந்துவிடுகிறது. பிறகு வருவதெல்லாம் அதோடு ஒப்பிட்டுத்தான் அளக்கப்படும். அதனால் “எதையாவது கேள், எல்லாம் ஒன்றுதான்” என்று புதியவரிடம் சொல்வது அக்கறையில்லாத பதில். முதல் பதிவில் கவனம் வேண்டும். இரண்டாவதில் அதைவிடக் கவனம் வேண்டும், முதல் பதிவின் பிடியிலிருந்து நம்மை விடுவிப்பது அதுதான்.

ஒரிஜினலைத் தேடியே தீருவேன் என்கிறவர் 1808 டிசம்பர் 22 இரவுக்குப் போக வேண்டும். வியன்னாவில் தியேட்டர் ஆன் டெர் வீன். குளிர் உறைக்கும் அரங்கில் நான்கு மணி நேர நிகழ்ச்சி. இசைக்குழுவுக்கு ஒத்திகை போதவில்லை. அன்றைய கடைசி உருப்படியில் வாத்தியங்கள் பிசகி, நிறுத்தி, மறுபடி தொடங்கினார்கள். அந்த இரவின் நிகழ்ச்சி நிரலில் இது ஐந்தாவதுகூட இல்லை. ஆறாவது என்ற எண்ணோடு அரங்கேறியது, பிறகுதான் எண் மாறியது. பீத்தோவன் 1817இல் தம் சிம்பொனிகளுக்கு மெட்ரோனோம் வேகங்களை வெளியிட்டார். ஐந்தாவதின் முதல் பகுதிக்கு அரைச் சுரம் நிமிடத்துக்கு 108. அது மிக வேகம் என்று பெரிய மேதைகளே அதை விட்டுவிட்டார்கள். அப்படியென்றால் மூலத்தை எழுதியவரின் வாக்கும் உரைகாரரின் கையில் ஒரு சான்றாகத்தான் நிற்கிறது. 1913இல் ஆர்தர் நிகிஷ் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கை வைத்துச் செய்த பதிவு, முழு சிம்பொனிப் பதிவுகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று. மைக் வராத காலம் அது. வாத்தியக்காரர்கள் கொம்புக் குழாயின் முன்னால் நெருக்கி உட்கார்ந்து வாசித்தார்கள். மதிப்பு மிக்க ஆவணம். முதன்முதலாகக் கேட்பவரிடம் அதைக் கொடுக்கமாட்டேன்.

ஒரே சிம்பொனிக்குப் பல பதிவுகளை வைத்து ஒப்பிடும் ரசனை நம் மண்ணுக்குப் புதிதில்லை. மைசூர் மகாராஜா ஜெயசாமராஜ உடையாரிடம் ஆயிரக்கணக்கான மேற்கத்திய இசைத்தட்டுகள் இருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லண்டன் ஃபில்ஹார்மோனியா இசைக்குழு நிமிர்ந்து நிற்க அவர் பணம் உதவியது. ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் கடைசி நான்கு பாடல்கள் 1950 மே 22 அன்று லண்டனில் அரங்கேறியதும் அவர் உதவியால்தான். அன்று நடத்தியவர் ஃபுர்ட்வாங்ளர். அதே மகாராஜா ‘ஸ்ரீவித்யா’ முத்திரையோடு தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட கீர்த்தனைகள் இயற்றியவர். 1964 முதல் 1966 வரை மதராஸ் மாநில ஆளுநராகக் கிண்டியில் இருந்தார். அம்பத்தூர் எஸ்டேட் தொடங்கியதும் அந்த 1964தான். எந்த உரைகாரர் எப்படி என்று நுணுகிக் கேட்ட ஒரு காது இங்கிருந்து பதினைந்து மைல் தூரத்துக்குள் இருந்திருக்கிறது. அந்த ரசனை அரண்மனையோடு நின்றுபோனது. எஸ்டேட்வரை வர அறுபது வருடம் ஆகியிருக்கிறது.

சரி, மு.வ. யார்? நான் சொன்ன பெயர் கார்லோஸ் க்ளைபர். 1974இல் வியன்னா ஃபில்ஹார்மோனிக்கோடு டாய்ச்சே கிராமஃபோனுக்குச் செய்த பதிவு. வாழ்நாளில் மிகக் குறைவாகவே பதிவுக்கு ஒப்புக்கொண்டவர். இந்தப் பதிவைப் பரிந்துரைக்காதவர்கள் குறைவு, அதனாலேயே இதைத் தவிர்க்கச் சொல்லும் ரசிகர்களும் உண்டு. எனக்கு அந்தத் தயக்கம் இல்லை. தெளிவு, விறுவிறுப்பு, ஒரு வாத்தியம்கூட மற்றதன் நிழலில் மறையாமல் கேட்பது என்று முதல் உரைக்கு வேண்டிய எல்லாம் இதில் உண்டு.

எதைக் கவனிப்பது என்றும் கேட்டான். தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஸட்ஜத்தை ‘சி’யில் வைத்தால் ப ப ப கா, பிறகு ம ம ம ரீ. அந்த முதல் பஞ்சமத்துக்கு முன்னால் அரை இடம் மௌனம் எழுதியிருக்கிறது. நம் கணக்கில் அனாகத எடுப்பு. எல்லா வில்லும் அந்த ஒலியில்லாத அரை இடத்தில் ஒன்றாக மூச்சிழுத்து ஒன்றாக விழ வேண்டும். ‘கா’விலும் ‘ரீ’யிலும் நிறுத்தக் குறி இருக்கிறது, எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பது நடத்துகிறவர் விருப்பம். ஆனால் ‘ரீ’யை மட்டும் ஓர் ஆவர்த்தனம் கூட்டி எழுதியிருக்கிறார் பீத்தோவன். இரண்டு நிறுத்தத்தையும் ஒரே அளவில் நிறுத்துகிறவர் தாளைச் சரியாகப் பார்க்கவில்லை என்று நான் முடிவுகட்டிவிடுவேன்.

அதே பகுதியில் பாதியைத் தாண்டியதும் மொத்தக் கூட்டமும் சட்டென்று ஒதுங்கிவிட, ஓபோ மட்டும் தனியாக ஒரு சிறு விருத்தம் பாடும். பத்துப் பதினைந்து நொடி. கல்யாண வீட்டுச் சந்தடியில் ஒரு பாட்டி ஓரமாக நின்று தன்பாட்டுக்கு எதையோ முணுமுணுப்பது போல. இன்னோர் இடம் கொஞ்சம் நுட்பமானது. முதல் பகுதியில் இரண்டாவது கருப்பொருளைக் கொம்பு வாத்தியங்கள் அறிவிக்கின்றன. அது திரும்பி வரும்போது பீத்தோவன் பஸூனுக்கு எழுதினார். அந்தக் காலத்துக் கொம்பில் அந்தச் சுருதிக்குச் சட்டென்று மாற முடியாது. பிற்காலத்துக் கொம்பில் முடியும் என்பதால் பலர் பஸூனை எடுத்துவிட்டுக் கொம்பையே கொடுத்தார்கள். பீத்தோவனுக்கு வேறு வழியில்லாமல் போனது என்பது அவர்கள் வாதம். எழுதியபடியே வாசிப்போம் என்று பஸூனுக்குத் திரும்பியவர்களும் உண்டு. பாடபேதம் என்று நாம் சொல்வது இதைத்தான். ஒரு பதிவில் அந்த இடத்தில் ஒலிப்பது கொம்பா பஸூனா என்று கேட்டுவிட்டால் அந்த உரைகாரரின் கட்சி தெரிந்துவிடும்.

மூன்றாம் பகுதியிலிருந்து நான்காவதுக்குப் போகும் வழிதான் இந்த சிம்பொனியின் உயிர். இடையில் நிறுத்தமே கிடையாது. தந்திகள் அசையாமல் நிற்க, டிம்பனி மட்டும் மிக மெல்லத் தட்டிக்கொண்டே இருக்கும், இருட்டில் யாரோ கதவைத் தேடுவது போல. பிறகு ஒலி ஏறி ஏறி, சி மேஜர் திறந்துகொள்ளும். நம் காதுக்கு அது சங்கராபரணம். அதுவரை சும்மா உட்கார்ந்திருந்த டிராம்போன்களும் பிக்கலோவும் அங்கேதான் முதல்முறையாக வாய் திறக்கின்றன. இந்த இடத்தில் அவனுக்கு ஒரு கஷ்டம் நேர்ந்தது. இலவசச் செயலியில் கேட்டவனுக்கு மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவே விளம்பரம் பாய்ந்திருக்கிறது. எனக்கு அது பொறுக்கவில்லை. நான்கு பகுதிகளும் ஒரே கோப்பாக இருக்கும் பதிவைத் தேடிக் கொடுத்தேன். செயலியில் இடைவெளி இல்லாமல் இசைக்கும் வசதி இருந்தால் அதையும் போட்டுக்கொள்ளச் சொன்னேன். பாட்டு வரிசை கலைந்து வரும் பொத்தானை அணைத்துவிட வேண்டும் என்பது சொல்லாமலே தெரிந்திருக்க வேண்டியது, ஆனால் சொல்ல வேண்டியிருந்தது. ‘பீத்தோவன் பெஸ்ட்’ வகைத் தொகுப்புகளையும் விலக்கச் சொன்னேன். பலவற்றில் முதல் பகுதி மட்டும்தான் இருக்கும்.

க்ளைபரின் பதிவு மொத்தம் ஏறக்குறைய முப்பத்து மூன்று நிமிடம். அம்பத்தூரில் ரயில் நகரும்போது தொடங்கினால் பெரம்பூர் தாண்டும்போது டிம்பனி தட்டிக்கொண்டிருக்கும். பேஸின் பிரிட்ஜில் சிக்னலுக்காக நிற்கும் நேரத்தில் நான்காம் பகுதி. ஆனால் முதன்முறை ரயிலில் கேட்காதே என்று கண்டிப்பாகச் சொன்னேன். சினிமாப் பாட்டில் ஒலியளவு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வரும். இங்கே ஊசி விழும் ஓசைக்கும் இடிக்கும் நடுவே போய்வர வேண்டும். ரயில் இரைச்சலில் டிம்பனி கேட்காது. அதற்காக ஒலியைக் கூட்டினால் அடுத்த நிமிடம் காது வலிக்கும். முதல் மூன்று முறை ராத்திரியில், ஃபேனை நிறுத்திவிட்டு. வியர்த்தாலும் பரவாயில்லை. பழகியபின் ரயிலுக்குக் கொண்டுபோகலாம், காது கேட்காததை மனம் நிரப்பிக்கொள்ளும்.

இரண்டாவதாக ஃபுர்ட்வாங்ளர், 1947, பெர்லின். நாஜி ஆட்சிக் காலத்தில் ஜெர்மனியிலேயே இருந்து இசை நடத்திய அவர், விசாரணை முடிந்து விடுவிக்கப்பட்டு, அந்த மே மாதம்தான் மறுபடி தன் இசைக்குழுவின் முன் நின்றார். அவர்களுடைய அரங்கம் குண்டுவீச்சில் போய்விட்டது. டைட்டானியா பலாஸ்ட் என்ற சினிமாக் கொட்டகையில் கச்சேரி. பதிவு பழையது, ஒலி மங்கல், இருமல் கேட்கும். வேகம் நிலையாக இருக்காது. ஓரிடத்தில் இழுப்பார், ஓரிடத்தில் கட்டவிழ்த்து ஓடவிடுவார். பரிமேலழகர் மாதிரி, மூலத்தைவிட உரைகாரரின் குரல் ஓங்கிவிட்டதோ என்று சில இடங்களில் தோன்றும். எனக்குத் தோன்றியதுண்டு. ஆனாலும் அந்த இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வரும் பாதையை அவரளவுக்கு நம்பிக்கையோடு கடந்தவர் யாரையும் நான் கேட்டதில்லை.

இப்படி யோசிக்கும்போது இளையராஜாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1993இல் லண்டனில் அதே ராயல் ஃபில்ஹார்மோனிக்கை வைத்து அவர் ஒரு சிம்பொனியைப் பதிவு செய்தார். ஜான் ஸ்காட் நடத்தினார். அந்தப் பதிவு நம் கைக்கு வரவேயில்லை. முப்பது வருடத்துக்கு மேல் காத்திருந்து கிடைத்தது ‘வேலியன்ட்’. அதை நம் சினிமாக் காதோடு கேட்டு, அந்த ஒரு வாசிப்பையே பாட்டு என்று பூட்டிவைத்துவிடுவோமோ என்பது என் பயம். இரண்டாவது உரைகாரர் கையில் எடுக்கும் நாளில்தான் அது சிம்பொனியாக வாழத் தொடங்கும். மும்பையில் 2006இல் ஒரு முழு இசைக்குழுவை அமைத்தார்கள். சென்னைக்கு அப்படி நிலையான ஒன்று இன்னும் இல்லை. கோடம்பாக்கத்தில் தலைமுறை தலைமுறையாக வயலின் வாசித்தவர்கள் இருக்கும் ஊர் இது. ‘வேலியன்ட்’டின் தாள் இங்கே உள்ள இளம் நடத்துநர் ஒருவர் கைக்குப் போக வேண்டும். அவர் அதைத் தன் விதமாக நடத்த வேண்டும். நாம் போய் உட்கார்ந்து கேட்டு, வெளியே வந்து சண்டை போட வேண்டும்.

தம்பி ஒரு மாதம் க்ளைபரையே கேட்டான். பிறகு ஃபுர்ட்வாங்ளர். நாலாம் நாள் டீக்கடையில் பிடித்துக்கொண்டான். “சார், இந்த ஆளு அந்தக் ‘கா’வ விடவே மாட்டேங்கறாரு. பிடிச்சுகிட்டே நிக்கறாரு. முதல்ல எரிச்சலா இருந்துது. இப்ப க்ளைபர் போட்டா, ஏன் இவ்ளோ சீக்கிரம் விட்டுட்டாருன்னு தோணுது.”

போன வாரம் ரயிலில் அவனைப் பார்த்தேன். காதில் மூன்றாவது பதிவு ஓடிக்கொண்டிருந்தது. 1953இல் ஆம்ஸ்டர்டாம் கன்செர்ட்கெபா இசைக்குழுவை எரிக் க்ளைபர் நடத்தியது. கார்லோஸின் அப்பா. “புள்ள இப்படின்னா அப்பா எப்படி இருந்திருப்பாருன்னு தேடினேன் சார்” என்றான். அந்தப் பெயரை நான் அவனிடம் சொல்லியிருக்கவில்லை.